கோவளத்துத் தண்ணீர்

கொண்டாப்பூரில் என் மகன் வீட்டு ஹாலில் கடல் மீன் வளர்க்கும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நம் பழைய தொட்டியைப் போல மூன்று மடங்கு பெரியது. நீல விளக்கு, தானாக ஓடும் மோட்டார், உப்பின் அளவைக் காட்டும் கருவி என்று ஒரு சின்ன பவர் ஹவுஸே நடத்துகிறான். போன வாரம் நான் பக்கத்தில் நிற்கும்போது மூடியைத் திறந்தான். குப்பென்று அந்த வாசனை வந்தது. உப்பும் பச்சையும் கலந்து, கொஞ்சம் அழுகினாற்போல ஒரு கடல் வாசனை. எட்டிப் பார்த்தேன். பாறைகள் முழுக்க முடி முடியாகப் பச்சைப் பாசி.

"தண்ணி சப்ளை பண்றவன் ஏமாத்தறான்ப்பா. சுத்தமான தண்ணின்னு சொல்லி எதையோ கொண்டு வந்து ஊத்திட்டுப் போறான். அவன் மேலதான் எனக்கு டவுட்டு" என்றான்.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுப்பா" என்றான். நான் பால்கனியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அது அப்படியே என் குரல். நீ கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்து முப்பத்திரண்டு வயதில் நான் பேசிய அதே குரல். நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

நாம் சந்தித்த கதையிலேயே என் குணம் இருக்கிறது. ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கடல் மீன் வளர்ப்பைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம், அட்டை போனது. நான் எடுக்கக் கை நீட்டும்போது நீயும் நீட்டினாய். நீ என்னை முந்திக்கொள்ளப் பார்க்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். நீயோ, "நீரு தமிழா வே? அப்ப நீரே வாங்கும். படிச்சிட்டு எனக்குத் தந்தாப் போதும்" என்றாய். முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு தாராளம் ஏன் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். இருவருமாகச் சேர்ந்துதான் வாங்கினோம், ஆனாலும் யோசித்தேன்.

நீ தூத்துக்குடிக்காரன். ஹைதராபாத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் உன் ஊர்ப் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. நான் மூன்றாம் தலைமுறையாக இங்கேயே கிடப்பவன். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். நீ என்னை 'வே' போட்டு 'நீரு' என்பாய், நான் உன்னை 'டா' போடுவேன், நமக்குள் அது சரியாகவே இருந்தது. "இந்த ஊர்ல எல்லாம் கெடக்கு வே, கடல் மட்டும் இல்ல" என்று நீ அடிக்கடி சொல்வாய். அப்போது உன் முகத்தில் பசிப்பதைப் போல ஒன்று தெரியும்.

அந்தக் கடலை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று கண்டுபிடித்தவன் நீதான். நீ மெட்ராஸ் வண்டியில் ஏ.சி. பெட்டியோடு போய்வரும் மெக்கானிக். சாயங்காலம் இங்கே ஏறினால் காலையில் மெட்ராஸ், அன்று சாயங்காலமே திரும்புகிற வண்டி. நடுவில் இருக்கும் பகல் உனக்குத் தூங்கக் கொடுத்த பகல். அதில் பஸ் ஏறித் திருவான்மியூர் போய், கடலில் இடுப்பளவு இறங்கி, பதினைந்து லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் மொண்டு வருவது என்று முடிவு செய்தோம். மெரினா வேண்டாம், அங்கே கூவம் கலக்கிறது என்று நான்தான் கறாராகச் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, சாக்கடை சேரும் இடத்துத் தண்ணீரில் பாஸ்பேட் இருக்கும், அது பாசிக்குச் சோறு என்று.

தொட்டி என் வீட்டில். உன் மெட்டுகுடா குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. "வண்டி போனா எங்க வீட்டுல தம்ளரே நடக்கும், கண்ணாடித் தொட்டி தாங்காது" என்றாய். மல்காஜ்கிரியில் என் வாடகை வீட்டு முன்னறையில், ஜன்னலுக்கு எதிரே, மூன்றடித் தொட்டி உட்கார்ந்தது. நாலு தடவை நீ போய்வந்ததில் தண்ணீர் நிரம்பியது. உன் மச்சான் தூத்துக்குடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிப் பாறைகளை அனுப்பினார். அதில் ஒட்டிக்கொண்டு வந்த பழுப்புக் காளான் மாதிரியான பவள உயிர்கள், இரண்டு டியூப் லைட்டின் கீழே ஒவ்வொன்றாக விரிந்தன. பிறகு ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி ஒன்று, ஆக்ஸிஜன் அடைத்த பையில், உன் ஏ.சி. பெட்டியில் ராஜ மரியாதையோடு வந்து இறங்கியது. நீ அன்று டியூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. யூனிஃபார்மோடு தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். என் மனைவி சரோஜா மூன்று தடவை காப்பியைச் சூடு பண்ணினாள்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஓர் அரசுத் தொழிற்சாலையில், கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கும் கெமிஸ்ட் நான். ஆபரேட்டர்கள் அளவு பார்க்காமலே நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதி வைப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எட்டு மணி நேரம் ஒருவனையும் நம்பாமல் இருந்துவிட்டு வருகிறவன் வீட்டுக்கு வந்ததும் எப்படி நம்புவான்? பால்காரர் ஊற்றும்போதே லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்ப்பேன். "என்னை எதுல போட்டுப் பாத்துட்டுக் கட்டினீங்க?" என்று சரோஜா கேட்பாள்.

இன்னொன்று என் சுத்தம். லேப்பில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவ ஒரு வெள்ளைப் பொடி உண்டு. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் ஓடிவிடும். அதில் ஒரு ஜாம் பாட்டில் நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் எல்லோரும் ஏதாவது கொண்டுவருவார்கள், நான் பொடி. தொட்டிக்குப் போகும் வாளி, குழாய், நீ கொடுக்கும் கேன் எல்லாவற்றையும் அந்தப் பொடி போட்டுத் தேய்த்துத்தான் உன்னிடம் திருப்பிக் கொடுப்பேன். அந்த வருஷங்களில் ஊரில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதனால் ஒரு சொம்பு, ரொம்பப் போனால் இரண்டு சொம்பு ஊற்றி அலசுவேன். கேன் பளபளவென்று இருக்கும். "கேனப் பாத்தா மாப்பிள்ள மாதிரி இருக்கு வே" என்பாய்.

ஆறு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. அதன் பிறகு ஒரு நாள் பாறையின் உச்சியில் பச்சையாக ஒரு புள்ளி. அடுத்த வாரம் உள்ளங்கை அளவு. ஒரு மாதத்தில் தொட்டிக்குத் தலைமுடி முளைத்தாற்போல ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷும் விரலுமாகப் பிய்த்துப் பிய்த்து எடுப்போம். ஒரு கிண்ணம் நிறைய எடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிண்ணம் இருக்கும். பவளக் காளான்கள் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு விரிய மறுத்தன.

நான் விசாரணையை ஆரம்பித்தேன். முதல் குற்றவாளி சரோஜா. மீனுக்கு அதிகமாகத் தீனி போடுகிறாள் என்று டப்பாவின் மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். "நக்கோ பாபா, உங்க மீனும் நக்கோ, உங்க கோடும் நக்கோ" என்று, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவிலேயே சொல்லி, டப்பாவை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த குற்றவாளி ஜன்னல் வெயில். கனமான திரை போட்டேன். பாசி அசரவில்லை. புத்தகம் இன்னொரு வழி சொன்னது, தண்ணீரை அடிக்கடி மாற்று என்று. மாதம் ஒரு தடவை கொண்டுவந்த கேன்களை நீ இரண்டு தடவை, மூன்று தடவை கொண்டுவந்தாய். நானும் அத்தனை தடவை தேய்த்தேன். பாசி இன்னும் கொழுத்தது.

தண்ணீரை மாற்ற மாற்றப் பாசி வளர்கிறதென்றால் குற்றம் தண்ணீரில்தானே? என் மனசு உன் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க முழித்திருந்தவன், தூங்க வேண்டிய பகலில், அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் இரண்டு கேனைத் தூக்கி வருவானா? சென்ட்ரலிலிருந்து மெரினா கூப்பிடு தூரம். ஒரு தடவை நீ சரோஜாவுக்கு பீச் சுண்டல் கொண்டுவந்தாய். அது மெரினா சுண்டல்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன், திருவான்மியூரில் சுண்டல் விற்க யாருக்கும் உரிமை இல்லாத மாதிரி. நீ முகம் கழுவப் போனபோது உன் பையைத் திறந்து பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று துழாவினேன். இல்லை. நீ ஈர முகத்தோடு வந்து, "என்ன வே தேடுதீரு?" என்றாய். "கேன் மூடி" என்றேன். மூடி கேனிலேயே இருந்தது. நீ அதைப் பார்த்தாய்.

உன் தண்ணீரை உனக்குத் தெரியாமல் லேப்புக்குக் கொண்டுபோனேன். முதலில் உப்பைப் பார்த்தேன், வழியில் குழாய்த் தண்ணீர் கலந்திருக்கிறாயா என்று. கடலுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு தூரம் போய்விட்டேன் அப்போது.

அந்தச் சமயத்தில்தான் புத்தகத்திலிருந்த கடைசி வைத்தியத்தைச் செய்தோம். தொட்டியை மூன்று நாள் கறுப்புக் கம்பளியால் மூடி வைத்தோம். வெளிச்சம் இல்லாமல் பாசி செத்தது, செத்த பாசி அழுகியது, தண்ணீர் கெட்டது. கம்பளியை எடுத்தபோது ஜோடியில் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. நீ அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தாய். "பாவம் வே. தூத்துக்குடியில இருந்திருந்தா இந்நேரம் வெளயாடிட்டு இருந்திருக்கும்" என்றாய். துக்கம் எனக்கும்தான். ஆனால் என் துக்கம் நேரே கோபமாகி உன்னைத் தேடிக்கொண்டு வந்தது.

மறுநாளே நீ கொண்டுவந்திருந்த தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டுபோய் பாஸ்பேட் பார்த்தேன். பாஸ்பேட் இருந்தால் நிறம் மாறும் மருந்தை விட்டதும் நீலம் ஏறியது. லேசாக இல்லை, மையைப் போல ஏறியது. எனக்கு ஒரு பக்கம் திடுக்கென்றது, இன்னொரு பக்கம் 'பார்த்தாயா' என்று இருந்தது. அந்த இரண்டாவது பக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. அளவை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் அந்தத் தாளை உன் முன்னால் வைத்தேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்ன வே இது, ஜாதகமா?"

"நீ கொண்டு வந்த தண்ணியோட ரிப்போர்ட்டு. இது திருவான்மியூர்த் தண்ணி இல்லடா. கூவத்து வாயில மொண்டது."

நீ சிரிக்கப் போனாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாய். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நீ கத்துவாய், தாளைக் கிழித்து எறிவாய் என்று நான் காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நீயோ தொட்டியைப் பார்த்தாய். மிச்சமிருந்த ஒற்றை மீன் மூலையில் நின்றுகொண்டிருந்தது.

"நான் மெரினாப் பக்கம் போகல வே" என்றாய் மெதுவாக. "ஆனா இருக்கும். அங்கனயும் எந்தச் சாக்கடை வந்து சேருதோ, யாருக்குத் தெரியும். நான் பாத்து எடுத்திருக்கணும். நம்ம மீனு என்னாலல்லா செத்துப் போச்சு."

நீ ஒத்துக்கொண்டுவிட்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ என் தாளை நம்பினாய், அவ்வளவுதான். நான் உன்னை நம்பாத அதே நிமிஷத்தில் நீ என்னை நம்பினாய்.

அடுத்த தடவை வந்தபோது உன் உள்ளங்கை இரண்டிலும் கேன் பிடியின் சிவப்புத் தடம். "கோவளம் போய்ட்டேன் வே. மகாபலிபுரம் பஸ்ஸுல ஏறி நடுவுல எறங்கணும். தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு" என்றாய். பிறகு, நான் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாய். போனது ஒன்று, வந்தது ஒன்று. நான் வாங்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயரைப் படித்துப் பார்த்தேன்டா.

அதோடு விட்டேனா? அந்தத் தண்ணீரையும் லேப்புக்குக் கொண்டுபோனேன். அதிலும் நீலம். அவ்வளவுதான், எனக்குப் பிடிபட்டுவிட்டது, வேறு யாரிடமோ டிக்கெட்டை வாங்கி வந்து காட்டுகிறாய் என்று. சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நான் முறைத்தபடி நின்றதைப் பார்த்து, பக்கத்து மேசையில் இருந்த பத்மா, என்னோடு வேலை பார்த்த தெலுங்குப் பெண், "ப்ளாங்க் பெட்டாரா சார்?" என்று கேட்டாள்.

கெமிஸ்ட்ரி படிக்கும் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஒன்றுமே இல்லாத சுத்தமான தண்ணீரை அதே பாட்டிலில் ஊற்றி, அதே மருந்தை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் நிறம் வந்தால் தப்பு தண்ணீரில் இல்லை, சோதிக்கிறவனிடம் இருக்கிறது. ஆபரேட்டர்களை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ப்ளாங்க் போட்டாயா என்று. உன் விஷயத்தில் போடவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டதே, பிறகு எதற்குப் போட வேண்டும்?

காய்ச்சி வடித்த தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பாட்டிலில் ஊற்றி அசைத்தேன். மருந்தை விட்டேன். மையைப் போல நீலம்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலைக் கழுவியவன் நான். கேனைக் கழுவியவன் நான். வாளியை, குழாயை, எல்லாவற்றையும் வெள்ளைப் பொடி போட்டுத் தேய்த்து ஒரு சொம்புத் தண்ணீரில் அலசியவன் நான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். ஜாம் பாட்டிலில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது, ட்ரைசோடியம் பாஸ்பேட் என்று. பாசிக்குச் சோறு என்று புத்தகத்தில் படித்து உனக்குச் சொன்னேனே, அந்தச் சோற்றைத்தான் ஒவ்வொரு கேனுக்கும் தடவி அனுப்பிக்கொண்டிருந்தேன். உன் மேல் சந்தேகம் கூடக் கூட இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது வளர்ந்தது.

பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். கேனையெல்லாம் ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழாய் வந்த அன்று பத்துச் சொம்பு ஊற்றி அலசினேன். இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று சரோஜா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு மாதம் ஆயிற்று. பாசி முதலில் வெளுத்தது. பிறகு பிய்க்காமலே கையோடு வந்தது. பாறையின் பழைய நிறம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது காளான் ஒன்று முழுசாக விரிந்தது. நீ என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாய்.

"பாத்தீரா வே! கோவளத்துத் தண்ணி! நீரு மட்டும் அன்னைக்குச் சொல்லலன்னா நான் அதே கெட்ட தண்ணியத்தான் கொண்டாந்து ஊத்திட்டே இருந்திருப்பேன்."

சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஆமாண்டா, தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

அதன் பிறகு நாலு வருஷம் நீ கோவளம் போனாய். மொட்டை வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, இரண்டு கேனையும் கண்டக்டரிடம் கெஞ்சி ஏற்றி, தூங்க வேண்டிய பகலையெல்லாம் அந்த ரோட்டிலேயே கழித்தாய். மெரினாவே போதும், கூவத்துக்குத் தள்ளி எங்கே வேண்டுமானாலும் எடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். "ஏன் வே?" என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டை நீட்டினாய். "வேண்டாம்டா, எதுக்கு இதெல்லாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "இருக்கட்டும் வே, உம்ம மனசுக்கு" என்றாய். நீ குத்திக் காட்டுகிறாயோ என்று அன்றைக்கும் ஒரு கணம் சந்தேகப்பட்டேன். இந்தப் புத்தி எங்கே போகும்?

ஒரு கோடையில், திரும்பி வரும் வண்டியில் உட்கார்ந்தபடியே நீ தூங்கிவிட்டாய். கூடூர் தாண்டி ஏ.சி. நின்றது. யாரோ வந்து எழுப்புகிற வரைக்கும் உனக்குத் தெரியவில்லை. பெட்டியில் ஒரு பெரிய அதிகாரி இருந்தது உன் நேரம். மெமோ வந்தது. லைன் டியூட்டியிலிருந்து எடுத்து உன்னை ஷெட்டில் போட்டார்கள். ஓடுகிற வண்டியில் இருந்தால்தான் உனக்கு மூச்சு வரும் என்பது எனக்குத் தெரியும். அன்று வெறும் கையோடு வந்து தொட்டியைப் பார்த்தாய்.

"இனி தண்ணி கொண்டார ஆளு இல்ல வே. மீன யாருக்காச்சும் குடுத்துருவோம்."

"என்னாலதான்டா" என்றேன். நிஜமாகவே சொன்னேன். உனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. "கிறுக்கா வே உமக்கு? தூங்கினது நானு" என்று என் முதுகில் தட்டினாய். அந்த இடத்தில் முழுசாகச் சொல்லியிருக்கலாம். நீயே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாய், நான் அதில் நுழைந்து தப்பித்துக்கொண்டேன்.

பிறகு எத்தனை வருஷம். பிள்ளைகள் வளர்ந்தார்கள், நாம் ரிடையர் ஆனோம், சரோஜா போனாள். நீ ஞாயிறு தவறாமல் வந்தாய். எத்தனையோ பேசினோம். தொட்டிப் பேச்சு வந்தால் மட்டும் நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன்.

உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆள் நீயேதான், பேச்சு மட்டும் முழுக்க இந்த ஊர், நடுநடுவே உருது.

"அப்பா உங்களப் பத்தி என்ன சொல்வார் தெரியுமா அங்கிள்? 'நான் கெட்ட தண்ணி குடுத்து அவன் மீனக் கொன்னுட்டேன், அவன் பெரிய மனுஷன், ஒரு நாளும் அத எங்கிட்ட சொல்லிக் காட்டல'ன்னு. ஹாஸ்பிடல்லகூட சொன்னார்."

ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாம் பாட்டில், நீலம், பத்மா, டிக்கெட், எல்லாம். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹவ்வா அங்கிள், நிஜமாவா? சோப்புப் பொடியா? ஐயோ, காய்கூ அங்கிள், ஏன் அப்பாகிட்ட சொல்லல? அவர் எப்படிச் சிரிச்சிருப்பார்! ஊரு முழுக்கச் சொல்லி உங்கள ஓட்டியிருப்பாரே!"

ஓட்டியிருப்பாய். மெட்டுகுடாவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லியிருப்பாய். "கெமிஸ்ட்டு வே இவரு, கேனுக்கு மாப்பிள்ளக் குளியல் போட்டு மீனக் கொன்ன கெமிஸ்ட்டு" என்று என் முன்னாலேயே சொல்லி, தொடையில் அடித்துச் சிரித்திருப்பாய். ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாய், அது என்னோடு சுடுகாடு வரைக்கும் வந்திருக்கும். அடுத்த தடவை மெரினாவிலேயே மொண்டுகொண்டு, மிச்சப் பகலில் தூங்கியிருப்பாய்.

நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்துதான் சொல்லவில்லை என இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்டா. உனக்குக் கோபம் வராது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ சிரிப்பாய் என்று தெரியும். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக, செய்யாத தப்பை உன் தலையிலேயே விட்டுவிட்டேன். நீ அதைக் கடைசி வரைக்கும் வைத்துக்கொண்டே போய்விட்டாய்.